கடலடிக் கம்பியும் கீழவைப்பார்ப் பிள்ளையும்

தூத்துக்குடிக்கு வடக்கே, வைப்பாறு கடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் கீழவைப்பார் இருக்கிறது. அந்தக் கரையில் நின்று பார்த்தால் வள்ளங்கள் தெரியும். வலையைப் பிரித்துப் போட்டுக் கிழிசல் பார்க்கிறவர்கள் தெரிவார்கள். கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சங்கு என்பார்கள், முத்துப் பார் என்பார்கள். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல்.

அதே மன்னார் வளைகுடாவின் அடியில் 2006-ல் இன்னொரு சரக்கு போய்ச் சேர்ந்தது. நம் பி.எஸ்.என்.எல்.லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து, தூத்துக்குடியிலிருந்து கொழும்பை அடுத்த கல்கிசை வரை ஏறக்குறைய 325 கிலோ மீட்டர் நீளத்துக்கு ஒரு கம்பியைப் போட்டார்கள். உள்ளே இருப்பது தலைமுடி போல் மெல்லிய கண்ணாடி இழை. அதற்குள் ஓடியது வெளிச்சம். பாரத்–லங்கா கேபிள் என்று அதற்குப் பெயர்.

"இருக்கட்டும் ஐயா, அதற்கும் என் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். கம்பி கரைக்கு வந்து விட்டால் மட்டும் போதாது. வருகிற செய்தியை எந்த வழியாக, எந்தக் கட்டடத்துக்கு, எந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவது என்று ஏற்பாடு செய்ய ஆள் வேண்டும். துறைமுகத்தில் வேண்டும், பாங்கியில் வேண்டும், ஆஸ்பத்திரியில் வேண்டும். அந்த வேலைக்கு முதற்படியாக ஒரு பரீட்சை இருக்கிறது. பெயர் ஸி.ஸி.என்.ஏ. நடத்துவது ஸிஸ்கோ என்ற அமெரிக்கக் கம்பெனி. 1984-ல் ஒரு தம்பதிகள் ஆரம்பித்தது. பரீட்சை 1998-ல் வந்தது. காம்ப்டியா என்ற சங்கம் நடத்தும் நெட்வொர்க் பிளஸ் என்ற பரீட்சையும் உண்டு. அது எந்தக் கம்பெனியின் கருவியையும் சாராதது. ஆனால் நம் பக்கத்தில் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் வாயில் அதிகம் அடிபடுவது முன்னதுதான்.

பாடம் கஷ்டமா? தபாலை நினைத்துக் கொள்ளுங்கள். 1972-ல் பின்கோடு வந்தது. சென்னையில் கடிதத்தைப் பிரிக்கிறவர் 628 என்று முதல் மூன்று இலக்கங்களைப் பார்த்ததுமே தூத்துக்குடிப் பக்கத்துப் பையில் போட்டு விடுகிறார். தெருவும் வீடும் அவருக்கு எதற்கு? அதை உள்ளூர்த் தபால்காரர் பார்த்துக் கொள்வார். ரூட்டர் என்கிற கருவி செய்வதும் இதுவேதான். விலாசத்தின் முன்பாதியைப் பார்த்து வழி அனுப்பும். பின்பாதி, போய்ச் சேருகிற இடத்துக்காரர் பாடு. இது மனசில் பதிந்து விட்டால் பரீட்சையில் கால் பங்கைத் தொட்ட மாதிரி.

பிள்ளைகள் மிரள்வது ஸப்நெட் என்ற கணக்கில். மிரள ஒன்றுமில்லை. 256 விலாசம் உள்ள ஒரு தொகுதியை நாலு பங்கு போட்டால் பங்குக்கு 64. ஒவ்வொரு பங்கிலும் முதல் விலாசம் அந்தப் பங்கின் பெயருக்கும், கடைசி விலாசம் எல்லோரையும் ஒரே சமயத்தில் கூப்பிடுவதற்கும் போய்விடும். மிச்சம் 62. ஐம்பது கம்ப்யூட்டர் உள்ள ஆபீஸுக்கு ஒரு பங்கு தாராளம். மீன் ஏலத்தில் மனக்கணக்குப் போடுகிற வீட்டுப் பிள்ளைக்கு இதுவா பெரிது? தினம் பத்துக் கணக்கு, காகிதத்தில், கையால் போட வேண்டும். பரீட்சை மண்டபத்தில் கணக்குப் பொறி கிடையாது.

புத்தகம் மட்டும் படித்து இதில் தேற முடியாது. கரையில் உட்கார்ந்து நீச்சல் படித்த கதையாகிவிடும். பாக்கெட் டிரேஸர் என்ற பயிற்சி மென்பொருளை ஸிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமி விலையில்லாமல் கொடுக்கிறது. பழைய மடிக்கணினி ஒன்று இருந்தால், திரையிலேயே ரூட்டர்களை வைத்துக் கம்பி இழுத்துப் பழகலாம். வேண்டுமென்றே ஒரு கம்பியைப் பிடுங்கி விட்டு, எங்கே கோளாறு என்று தேடச் சொல்லுங்கள். பின்னால் சம்பளம் தரப்போகிறவர்கள் அந்தத் தேடலுக்காகத்தான் தருவார்கள்.

இனிப் பணத்துக்கு வருவோம். கட்டணம் 300 டாலர். நம் பணத்தில் இருபத்தையாயிரத்துக்கு மேல், வரி வேறு. ஒரு மீனவக் குடும்பத்துக்கு இது வலைக்கோ எஞ்சினுக்கோ ஆகிற பணம். தவறினால் ஐந்து நாள் பொறுத்து மறுபடி எழுதலாம். ஆனால் மறுபடியும் முழுக் கட்டணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் விசைப் படகுகளுக்குத் தடைக்காலம். படகில் கூலிக்குப் போகிற பையனுக்குப் படிக்க அது நல்ல சமயம். பணம் கட்ட அவ்வளவு நல்ல சமயமல்ல! எனவே முதலில் படிக்கட்டும். மாதிரிப் பரீட்சைகளில் திரும்பத் திரும்பத் தேறட்டும். அப்புறம் பணத்தைக் கட்டுங்கள்.

வேலை நிச்சயமா என்று கேட்டால், இல்லை. "பாஸ் செய்தால் உத்தியோகம் காரண்டி" என்று சொல்லி லட்சம் கேட்கிற பயிற்சிக் கூடங்களை வாசலோடு அனுப்பி விடுங்கள். பரீட்சைக் கேள்விகளைத் திருடி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். பிடிபட்டால் சர்ட்டிபிகேட்டே ரத்தாகும். பிடிபடாவிட்டாலும், வேலைக்குப் பேட்டி காண்கிறவர் இரண்டாவது கேள்வியில் கண்டுபிடித்து விடுவார். இந்தச் சர்ட்டிபிகேட் செய்வதெல்லாம் விண்ணப்பக் குவியலில் உங்கள் பிள்ளையின் காகிதத்தைக் கொஞ்சம் மேலே வைப்பதுதான். பட்டம் பெறாதவருக்கும், பெரிய காலேஜின் பெயர் பக்கபலமாக இல்லாதவருக்கும் அதுவே பெரிய உதவி. முதல் வேலை பெரும்பாலும் ராத்திரி ஷிப்டில், சென்னையிலோ பெங்களூரிலோ, திரைக்கு முன்னால் உட்கார்ந்து எந்த இணைப்பு அறுந்தது என்று கவனிக்கிற வேலையாக இருக்கும். முத்துக்குளிக்கிறவன் நீருக்குள் இருக்கையில் மேலே கயிறு பிடித்துக்கொண்டு இருப்பானே ஒருவன், அவன் வேலை மாதிரி. சம்பளமும் ஆரம்பத்தில் சுமார்தான். சர்ட்டிபிகேட்டுக்கு ஆயுள் மூன்று வருஷம். அதற்குள் புதுப்பிக்கவோ மேல் பரீட்சைக்குப் போகவோ வேண்டும்.

பரீட்சைக்கு நேரம் 120 நிமிஷம். பாஷை இங்கிலீஷ். ஒரு கேள்வியைத் தாண்டி விட்டால் திரும்பிப் பார்க்க முடியாது. தெரியாத கேள்வியைக் கட்டிக்கொண்டு அழக் கூடாது. வீட்டிலிருந்தே எழுத வசதி உண்டு என்றாலும், ஆள் நடமாட்டமும் மின்வெட்டும் உள்ள வீட்டில் அந்த ஆசை வேண்டாம். பரீட்சை நிலையத்துக்கே போகச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. பதிவு செய்யும் பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்திருக்க வேண்டும். நம் ஊரில் இனிஷியல் ஒரு காகிதத்தில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும். கடற்கரையில் பெர்னாந்து ஒரு சான்றில் இருப்பார், மற்றொன்றில் காணாமல் போயிருப்பார். பணம் கட்டுவதற்கு முன்பே ஆதார், பாஸ்போர்ட், பள்ளிச் சான்று எல்லாவற்றையும் பாயில் பரப்பி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.