காசு கொடுத்து வாங்கிய ரேஸிங் கேம் ஒரே நாளில் காணாமல் போனது எப்படி?

நியூயார்க்கில் காரைக் கிளப்பி அமெரிக்காவின் மறுகரையில் இருக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் வரை ஓட்ட எவ்வளவு நேரமாகும்? 'தி க்ரூ' கேமில் முக்கால் மணி நேரம் போதும். நாடு முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாக்கிய ரேஸிங் கேம் அது. நடுவில் எங்கேயும் 'லோடிங்' என்று காத்திருக்க வேண்டியதில்லை.

பிரான்ஸின் லியோன் நகரில் உள்ள ஐவரி டவர் என்ற நிறுவனம், யுபிசாஃப்டின் ரிஃப்ளெக்‌ஷன்ஸ் ஸ்டுடியோவுடன் சேர்ந்து இதை உருவாக்கியது. வெளியானது 2014 டிசம்பரில். கேமை வெளியிட்ட யுபிசாஃப்ட், அடுத்த ஆண்டே ஐவரி டவரை வாங்கிவிட்டது.

சிக்கல் எங்கே என்றால், கேமின் வடிவமைப்பில். சாலையில் எதிரே வரும் கார்களில் சிலவற்றை வேறு ஊரில் உட்கார்ந்து வேறு யாரோ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அதனால் கேம் எப்போதும் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்தே இருக்க வேண்டும். தனியாக விளையாடினாலும் இதே கதைதான். நெட் இல்லையா, கார் நகராது.

2023 டிசம்பரில் கேமை விற்பனையிலிருந்து எடுத்தார்கள். 2024 மார்ச் 31-ல் சர்வரையும் நிறுத்தினார்கள். சர்வர் கட்டமைப்பு, உரிமம் ஆகியவற்றில் உள்ள சிக்கல்களே காரணம் என்றது யுபிசாஃப்ட். கடையில் டிஸ்க் வாங்கி வைத்திருந்தவர்களுக்கும் கேம் திறக்கவில்லை. விற்ற கடைக்காரரே பத்து வருஷம் கழித்து வீட்டுக்கு வந்து கேரம் போர்டைத் தூக்கிப் போனால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

ரேஸிங் கேம்களுக்கு உரிமத் தலைவலி புதிதல்ல. நிஜ கார்களின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்த, கார் நிறுவனங்களோடு கால வரம்புள்ள ஒப்பந்தம் போட வேண்டும். 'ஃபோர்ஸா ஹொரைஸன் 4' கூட 2024 டிசம்பரில் விற்பனையிலிருந்து போனது. ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்னமும் ஓட்டலாம். அதாவது, விற்பதை நிறுத்துவது வேறு, வாங்கியவர் கையிலிருந்து பிடுங்குவது வேறு. கோபம் இரண்டாவதன் மேல்தான்.

அந்தக் கோபம் கோர்ட் வரை போனது. கலிஃபோர்னியாவில் இருவர் வழக்கு போட, நீங்கள் வாங்கியது கேமை அல்ல, அதைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே என்று யுபிசாஃப்ட் தரப்பு வாதிட்டது. யூடியூபர் ராஸ் ஸ்காட் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் மனு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. காலம் முழுக்க சர்வரை ஓட்டச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. கடையை மூடும்போது விளையாடும் நிலையில் விட்டுப் போங்கள் என்கிறார்கள். நியாயமான கோரிக்கைதானே?

இதற்கிடையே கலிஃபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. டிஜிட்டல் பொருளுக்கு 'வாங்கு' என்று பட்டன் வைத்தால், கிடைப்பது வெறும் அனுமதிதான் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி முதல் இது அமலில் இருக்கிறது. ஸ்டீம் தளத்தில் பணம் கட்டும் பக்கத்தில் இப்படி ஒரு வரியைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் இந்தச் சட்டம் எந்த கேமையும் காப்பாற்றாது, முன்கூட்டியே சொல்லிவிடும், அவ்வளவுதான்.

எதிர்ப்புக்குப் பிறகு, 'தி க்ரூ 2', 'மோட்டார்ஃபெஸ்ட்' இரண்டுக்கும் ஆஃப்லைன் வசதி தருவதாக யுபிசாஃப்ட் அறிவித்தது. முதல் கேமுக்கு அது வரவில்லை. ரசிகர்கள் சிலரே சர்வர் போல இயங்கும் மென்பொருளை எழுதி, 2025-ல் அதைக் கம்ப்யூட்டரில் மறுபடி ஓட வைத்தார்கள்.