திரையில் மிதக்கும் மேன்ஹோல்: கோளாறை எங்கே தேடுவது?

சாலையோரத்தில் வட்ட இரும்பு மூடிகளைத் தினமும் கடந்து செல்கிறோம். அவற்றின் அடியில் இருப்பது மேன்ஹோல், அதாவது ஆள் இறங்கும் குழி. கழிவுநீர்க் குழாயின் திசை, சரிவு அல்லது விட்டம் மாறும் இடங்களில் இதை அமைப்பார்கள். அடைப்பு ஏற்பட்டால் சரிசெய்ய இதுதான் வழி.

சிவில் பொறியியல் மாணவர்களான நாங்கள் இந்தக் குழிகளை முதலில் பார்ப்பது கணினித் திரையில்தான். ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ‘சிவில் 3டி’ மென்பொருளில் குழாய்க் கட்டமைப்பை வரைந்தால், மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். நெடுக்குவெட்டுத் தோற்றத்தைத் திறந்தால்தான் சிக்கல் வெளிப்படும். ஒரு மேன்ஹோலின் மூடி சாலைக்கு மேலே மிதக்கும். இன்னொன்று மண்ணுக்குள் புதைந்திருக்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியும் வரையத் தோன்றும். அதற்கு முன்பு நான்கு இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, மூடியின் மட்டம். மேன்ஹோல் எந்த நிலப்பரப்பைப் பின்பற்ற வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நிலத்தின் உயரம் அதற்குத் தெரியாது. சில வேளைகளில் பரப்பு குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அது புதிய சாலையின் பரப்பாக இல்லாமல் பழைய நிலத்தின் பரப்பாக இருக்கும். மேன்ஹோலின் பண்புகள் பட்டியலில் சரியான பரப்பைத் தேர்ந்தெடுத்து, தானாகச் சரிசெய்யும் வசதியை இயக்கினால் மூடி தன் இடத்துக்கு வந்துவிடும். அப்படியும் வராவிட்டால், அந்தப் புள்ளி நிலப்பரப்பின் எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, குழியின் அடிமட்டம். இதை இரண்டு விதமாகக் கட்டுப்படுத்தலாம். ‘ஆழம்’ என்று வைத்தால், மிகத் தாழ்வான குழாயிலிருந்து அளந்து அடிமட்டம் அமையும்; குழாய் இறங்கினால் அதுவும் சேர்ந்து இறங்கும். ‘மட்டம்’ என்று வைத்தால், கொடுத்த எண்ணிலேயே நின்றுவிடும். பிறகு குழாயை ஒரு மீட்டர் இறக்கினால், குழியின் அடியைத் தாண்டிக் குழாய் கீழே தொங்கும்.

மூன்றாவது, விதிகள். மேன்ஹோலுக்குள் வரும் குழாயைவிட வெளியேறும் குழாய் சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும் போன்ற விதிகளை மென்பொருளில் அமைக்கலாம். ஆனால் அவை குழாயை வரையும்போதுதான் செயல்படும். பின்னர் நாம் கையால் மாற்றும் மட்டங்களை அவை தாமாகத் திருத்துவதில்லை. மாற்றம் செய்த ஒவ்வொரு முறையும் விதிகளை மீண்டும் செயல்படுத்தச் சொல்ல வேண்டும்.

நான்காவது, இணைப்பு. குழாய் மேன்ஹோலைத் தொடுவதுபோல் தெரிந்தாலும் உண்மையில் இணையாமல் இருக்கலாம். மேன்ஹோலைச் சற்று நகர்த்திப் பாருங்கள். குழாய் கூடவே வரவில்லை என்றால் இணைப்பு இல்லை. குழாய் சுவருக்கு வெளியே பிதுங்கித் தெரிந்தால், அதன் விட்டத்துக்கு மேன்ஹோல் சிறியது. பெரிய அளவுக்கு மாற்ற வேண்டும்.

இவ்வளவு கவனம் எதற்கு? கழிவுநீர் பெரும்பாலும் ஈர்ப்பு விசையால் மட்டுமே ஓடுகிறது. சிங்கப்பூரில் ஆழ்சுரங்கக் கழிவுநீர்க் கட்டமைப்பின் முதற்கட்டம் 2008ல் நிறைவடைந்தது. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் நீளும் அந்தச் சுரங்கத்தில் கழிவுநீர் சரிவில்தான் ஓடுகிறது. ஆலையை அடைந்த பிறகே அதை மேலே ஏற்றுகிறார்கள். சரிவு தவறினால் நீர் நகராது.

ஓர் எளிய கணக்கு. 40 மீட்டர் நீளக் குழாய், 100க்கு 1 என்ற சரிவு. தொடக்கத்தில் குழாயின் உட்புற அடிமட்டம் 3.60 மீட்டர் என்றால், முடிவில் 3.20 மீட்டர். அங்கிருந்து வெளியேறும் குழாய் 3.35 மீட்டரில் தொடங்குவதாக வரைபடம் காட்டினால், 15 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கழிவுநீர் எப்போதும் தேங்கி நிற்கும். திரையில் அது கண்ணுக்கே தெரியாத வித்தியாசம். கட்டிமுடித்த பிறகோ, கசடு படியும், அடைப்பு வரும். தேங்கிய கழிவுநீரிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு உண்டாகும். அடைப்பை எடுக்கக் குழிக்குள் இறங்கும் ஊழியரின் உயிருக்கே அது ஆபத்து.

மென்பொருள் நாம் சொன்னதைத்தான் செய்கிறது. சொன்னது சரியா என்று அது பெரும்பாலும் கேட்பதில்லை. அதனால் வரைபடத்தை ஒப்படைக்கும் முன்பு, முதல் மூன்று மேன்ஹோல்களுக்காவது மூடி மட்டம், குழாய் மட்டம், குழியின் ஆழம் ஆகியவற்றைத் தாளில் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். இதற்குத் தேவையான கணிதம் உயர்நிலை இரண்டில் படித்ததைத் தாண்டாது. பத்து நிமிடம்தான் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் பிடிபடும் பிழையைச் சரிசெய்ய ஓர் எண்ணை மாற்றினால் போதும். கட்டிய பிறகு பிடிபட்டால் சாலையைத் தோண்ட வேண்டியிருக்கும்.