உஷார்! அந்த ரூமில் எதையும் டைப் செய்யாதீர்கள்

மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு வருகிறீர்கள். காலண்டரில் புதிதாக ஒரு மீட்டிங் முளைத்திருக்கிறது. 15 நிமிடம். தலைப்பு வெறும் 'கனெக்ட்'. அழைத்தவர் உங்கள் மேனேஜர். கூடவே இன்னொரு பெயர்: வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குப் பார்த்த ஹெச்.ஆர்.

உஷார்! அது நலம் விசாரிக்கிற மீட்டிங் இல்லை.

எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு பெண். ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை, டெஸ்டிங். பெயர் வேண்டாம், பாவம். இப்படித்தான் கூப்பிட்டார்கள். ரூமில் தண்ணீர் பாட்டில், ஒரு பெட்டி டிஷ்யூ. "டிஷ்யூவைப் பார்த்ததுமே எனக்கு வயிறு கலங்கிடுச்சு ஆன்ட்டி" என்றாள். ஹெச்.ஆர். அம்மாள் குரலை உயர்த்தவே இல்லை. "நீங்களா பேப்பர் போட்டுட்டா ரிலீவிங் லெட்டர் நல்லபடியா வரும். நாங்க டெர்மினேட் பண்ணினா அது ரெக்கார்டுல நிக்கும். அடுத்த கம்பெனி வெரிஃபிகேஷன்ல மாட்டிக்குவீங்க. அரை மணி நேரத்துல முடிவு சொல்லுங்க."

ராஜினாமா மெயிலை அவர்களே தயாராக வைத்திருந்தார்கள். 'தனிப்பட்ட காரணங்களுக்காக விலகுகிறேன்.' அவளுக்கு ஒரு தனிப்பட்ட காரணமும் கிடையாது. அழுதுகொண்டே அனுப்பிவிட்டாள். சீட்டுக்கு வருவதற்குள் லேப்டாப் லாக். செக்யூரிட்டி கூடவே வந்து வாசல்வரை விட்டுவிட்டுப் போனார். டிபன் பாக்ஸைக்கூட எடுக்கவில்லை.

இனிமேல்தான் விஷயமே. தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்.

அந்த ஒரு வரி மெயில் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது வேலையை மட்டுமல்ல.

கம்பெனி ஆட்குறைப்பு செய்தால் சட்டப்படி சில கடமைகள் உண்டு. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ், இல்லையென்றால் அந்த மாதச் சம்பளம். வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. 1947-ம் வருடத்துத் தொழில் தகராறு சட்டம் சொன்னது இது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் இந்த 15 நாள் கணக்கு இருக்கிறது. பொதுவாகக் கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. அதை மீறினால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும்.

நீங்களாக விலகினால்? ஆட்குறைப்பே நடக்கவில்லை! இழப்பீடும் இல்லை, வரிசையும் இல்லை, காரணமும் இல்லை. டெர்மினேட் செய்வதைவிட உங்கள் கையாலேயே எழுதி வாங்குவதில் அவர்களுக்கு ஏன் அத்தனை அவசரம் என்று இப்போது புரிகிறதா?

இந்தப் பெண்ணின் சர்வீஸ் 4 வருஷம் 4 மாதம். இழப்பீடு மட்டும் 60 நாள் சம்பளம், அது போயிற்று. கிராஜுவிட்டிக்கு 5 வருஷம் வேண்டும்; 4 வருஷமும் 240 நாளும் இருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததுண்டு. இன்னும் நாலு மாதம் பேசித் தள்ளியிருந்தால்கூட அது கைக்கு வந்திருக்கும். எல்லாவற்றையும்விட எனக்கு வயிற்றெரிச்சல் வேறொன்றில். அப்பாவுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ், கம்பெனி இன்ஷூரன்ஸில். வேலை போன அன்றே அதுவும் நின்றது.

வக்கீலிடம் போனாள். மெயிலைப் படித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "நீயே எழுதிக் கொடுத்திருக்கியேம்மா?" மிரட்டி வாங்கினார்கள் என்று இனி அவள்தான் நிரூபிக்க வேண்டும். அந்த ரூமில் சாட்சி யார்? டிஷ்யூ பெட்டியா?

'நம்ம கம்பெனி அப்படியில்லை' என்று நினைக்காதீர்கள். நாட்டின் மிகப் பெரிய ஐ.டி. நிறுவனமே 2025 ஜூலையில் 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தது.

முன்கூட்டியே மணி அடிக்கும். காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

செய்கிற வேலையை எல்லாம் ஒரு ஃபைலில் எழுதி ஜூனியருக்குச் சொல்லிக்கொடு என்று திடீரென்று சொல்கிறார்களா? பிராஜெக்ட்டிலிருந்து எடுத்து பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, நீங்கள் கேட்கிற எந்தப் பிராஜெக்ட்டுக்கும் பதில் வராமல் இருக்கிறதா? மூன்று வருஷம் நல்ல ரேட்டிங் தந்தவர் இந்த வருஷம் கடைசியில் தள்ளினாரா? 'பிப்' என்கிற செயல்திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் போட்டிருக்கிறார்களா? பிப் எல்லாமே பொய் என்று சொல்லமாட்டேன், அதில் தேறி வந்தவர்களும் உண்டு. ஆனால் 'ஆட்டிட்யூட் மேம்பட வேண்டும்' என்பது போல அளக்கவே முடியாத இலக்கு இருந்தால் ஜாக்கிரதை. முக்கியமாக ஒன்று: நேற்றுவரை எல்லாவற்றுக்கும் மெயில் போட்டவர் இன்று எல்லாவற்றையும் போனிலேயே பேசுகிறாரா? அதுதான் பெரிய மணி.

கூப்பிட்டால் போங்கள். சண்டை வேண்டாம். அழுகை வந்தால் அழுங்கள், தப்பில்லை. ஆனால் கையெழுத்து போடாதீர்கள். 'யோசிக்க நேரம் வேண்டும். சொன்னதை மெயிலில் அனுப்புங்கள்.' இது போதும். அன்று சாயங்காலமே, யார் என்ன சொன்னார்கள் என்று தேதி, நேரத்தோடு நீங்களே ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

ஆஃபர் லெட்டர், சம்பள ஸ்லிப், அப்ரைசல் லெட்டர் எல்லாம் இன்றைக்கே வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும். ஆனால் பயத்தில் கிளையண்ட் ஃபைலையோ புரோகிராம் கோடையோ சொந்த மெயிலுக்கு அனுப்பித் தொலைக்காதீர்கள்! அதையே காரணமாக்கி ஒரு பைசா தராமல் வெளியே அனுப்புவார்கள்.

ராஜினாமா மெயிலை ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? ராஜினாமா நடைமுறைக்கு வருவதற்கு முன்பு பொதுவாக அதைத் திரும்பப் பெற முடியும். ஆனால் எழுத்தில், உடனே. ராத்திரி தூங்கி எழுந்து பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

'ஐ.டி.க்குத் தொழிலாளர் சட்டமெல்லாம் கிடையாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கலாம், தொழில் தகராறு சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று தமிழக அரசே 2016-ல் தெளிவாக்கியது. விசிட்டிங் கார்டில் 'லீட்', 'மேனேஜர்' என்று இருந்தாலும் பயப்பட வேண்டாம். கோர்ட் பார்ப்பது பதவிப் பெயரை இல்லை, செய்த வேலையை. தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம், அதற்கும் காலக்கெடு உண்டு.

போன வாரம் எங்கள் பிளாக்கில் இன்னொரு பையனுக்கும் அதே 15 நிமிட 'கனெக்ட்' வந்தது. முதல் நாள் ராத்திரி என் சமையலறையில் நின்று, நான் சொல்லிக்கொடுத்த வரியை நாலு தடவை ஒப்பித்துவிட்டுப் போனான். "மெயில்ல அனுப்புங்க மேடம், படிச்சுட்டுச் சொல்றேன்." சரி, அனுப்புகிறோம் என்றார்களாம்.

இன்றோடு ஒன்பது நாள். மெயில் வரவில்லை. அவன் காலையில் பஸ் பிடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.