பலகையில் '86 காலி' என்றால் உள்ளே 86 இடம் இருக்கிறதா?

சிங்கப்பூரின் மரினா சென்டர் வட்டாரச் சாலைகளில் 2008ஆம் ஆண்டு மின்பலகைகள் வந்தன. ஒவ்வொரு பலகையிலும் பக்கத்துக் கடைத்தொகுதிகளின் பெயர், எதிரே ஓர் எண்: அங்கே இப்போது எத்தனை கார் நிறுத்த இடமிருக்கிறது. இன்று அந்த எண் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. அதை நம்பித்தான் ஓட்டுநர் வண்டியைத் திருப்புகிறார். ஆனால் பல பெரிய கார்ப்பேட்டைகளில் காலி இடங்களை யாரும், எந்தக் கருவியும் எண்ணுவதில்லை. பலகையில் தெரிவது ஒரு கழித்தல் கணக்கின் விடை.

வாசலில் தரையைக் கீறி, கம்பிச் சுருளைப் புதைத்து, மேலே பூசிவிடுவார்கள். சுருளில் மெல்லிய மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். காரின் அடிப்பாகம் அதற்கு நேர்மேலே வந்ததும் சுருளின் மின்தூண்டல் மாறுகிறது. ஓரத்திலிருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு வண்டி என்று குறித்துக்கொள்கிறது. அடுத்தடுத்து இரண்டு சுருள்களைப் பதித்தால், எது முதலில் உணர்ந்தது என்பதை வைத்து வண்டி உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்பதும் தெரிந்துவிடும். உள்ளே போனதைக் கழி, வெளியே வந்ததைக் கூட்டு. அவ்வளவுதான் கணக்கு. வழிகாட்டிப் பலகைகளும் புதியவை அல்ல; ஜெர்மனியின் ஆஹன் நகரம் 1971லேயே அவற்றை நிறுவியது.

கணக்கு எளிது, ஆனால் பிழை சேர்ந்துகொண்டே போகும். இரண்டு கார்கள் ஒட்டி ஒட்டி நுழைந்தால் ஒன்றாகப் பதிவாகலாம். தடுப்புவரை வந்த ஒருவர் மனம் மாறிப் பின்னால் எடுத்தால் இல்லாத வண்டி ஒன்று கணக்கில் ஏறலாம். மோட்டார் சைக்கிள் சில நேரம் பதிவாகும், சில நேரம் ஆகாது. ஒரு நாளைக்கு 1,000 கார்கள் வந்துபோகும் இடத்தில் 200க்கு ஒன்று தவறினாலே ஐந்து பிழை. அவை இரு பக்கமும் சமமாக விழுந்தால் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஒரே பக்கமாக விழுந்தால் மாதக் கடைசியில் பலகைக்கும் உண்மைக்கும் 150 இடம் வித்தியாசம். காலியாகக் கிடக்கும் தளத்துக்கு வெளியே 'நிறைந்தது' என்று சிவப்பு எழுத்து எரியும். அல்லது 40 இடம் இருப்பதாகச் சொல்லி உள்ளே அழைத்து, மாடி மாடியாகச் சுற்றவிடும்.

வாசலில் எண்ணும் முறையில் இதற்கு மருந்து தொழில்நுட்பத்தில் இல்லை, மனிதரிடம் இருக்கிறது. வண்டிகள் குறைந்த பின்னிரவில் ஒருவர் தளம் தளமாக நடந்து, நிற்பவற்றை எண்ணி, கணினியில் உள்ள எண்ணைத் திருத்த வேண்டும். இந்த வேலைக்கு ஒப்பந்தத்தில் ஆளும் சம்பளமும் ஒதுக்காமல் கருவியை மட்டும் வாங்கி மாட்டும் நிர்வாகம் சில மாதங்களிலேயே ஓட்டுநர்களின் நம்பிக்கையை இழந்துவிடும். இரண்டு முறை ஏமாந்த ஓட்டுநர் மூன்றாம் முறை பலகையை ஏறிட்டும் பார்க்கமாட்டார்.

பிழை சேராமல் இருக்க இன்னொரு வழி, ஒவ்வோர் இடத்துக்கும் மேலே ஓர் உணரியைப் பொருத்துவது. பெரிய மால்களின் கூரையில் வரிசையாகப் பச்சையும் சிவப்புமாக எரியும் விளக்குகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். உணரியிலிருந்து நம் காதுக்குக் கேட்காத மீயொலி கீழே பாய்ந்து திரும்புகிறது. கூரை இரண்டரை மீட்டர் உயரம் என்றால், வெறுந்தரையில் பட்டுத் திரும்ப ஏறக்குறைய 15 மில்லிவிநாடி ஆகும். ஒன்றரை மீட்டர் உயரக் கார் நின்றால் அதன் கூரையிலேயே பட்டு 6 மில்லிவிநாடிக்குள் வந்துவிடும். இந்த ஒன்பது மில்லிவிநாடி வித்தியாசம்தான் பச்சையைச் சிவப்பாக்குகிறது. சாய்ந்த முன்கண்ணாடியில் பட்டால் ஒலி வேறு பக்கம் சிதறும் என்பதால் உணரியை எங்கே பொருத்துகிறோம் என்பதும் முக்கியம். ஓர் உணரி பழுதானால் அந்த ஓர் இடம் மட்டுமே தவறாகக் காட்டும், மற்றவை சரியாகவே இருக்கும். ஆனால் 2,000 இடத்துக்கு 2,000 உணரி வேண்டும். செலவும் பராமரிப்பும் அந்தக் கணக்கில்தான் ஏறும். திறந்தவெளி மொட்டைமாடியில் உணரியை மாட்டக் கூரையே இல்லை. ஒரே கேமராவால் பல இடங்களைப் பார்த்து மென்பொருளால் கணிக்கும் முறை இப்போது பரவுவதற்கு இவையெல்லாம் காரணம்.

எண் துல்லியமாகவே இருந்தாலும் அது இந்த நொடிக்கு உரியது. நமக்கு வேண்டியது நாம் போய்ச் சேரும்போது என்ன நிலை என்பது. பத்து இடம் மிச்சமிருக்கையில் ஆறு கார்கள் ஏற்கெனவே உள்ளே இடம் தேடிக்கொண்டிருந்தால் உண்மையில் மிச்சம் நான்கு. அதனால்தான் விவரமறிந்த நிர்வாகிகள் சில இடங்களை ஒதுக்கிவைத்து, முழுதாக நிறைவதற்கு முன்பே 'நிறைந்தது' என்று போட்டுவிடுகிறார்கள். பூஜ்யம் வரும்வரை காத்திருப்பதைவிட அதுவே நேர்மையான பலகை என்பேன்.

சிங்கப்பூர் செய்த நல்ல காரியம், இந்த எண்களைப் பொதுவில் வைத்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) குடியிருப்புகளின் கார்ப்பேட்டைத் தகவலை அரசின் தரவுத் தளத்திலிருந்து யாரும் எடுத்துச் செயலி எழுதலாம்; நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அரசே சொல்கிறது. ஒவ்வொரு பதிவிலும் மொத்த இடம், காலி இடம், கடைசியாகப் புதுப்பித்த நேரம் மூன்றும் இருக்கும். செயலி எழுதுகிறவர்கள் அந்த நேரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எங்கோ இணைப்பு அறுந்து இரண்டு மணி நேரமாகியும் பழைய எண்ணையே புதிது போலக் காட்டுவது, எண்ணே காட்டாமல் இருப்பதைவிடக் கெடுதல்.

இடம் தேடிச் சுற்றும் கார்கள்தான் நகர நெரிசலில் 30 விழுக்காடு என்று அடிக்கடி படிக்கிறோம். பார்க்கிங் பொருளியலில் பெயர்பெற்ற டொனால்ட் ஷூப், 1927 முதல் 2001 வரை நடந்த 16 ஆய்வுகளைத் தொகுத்தபோது கிடைத்த சராசரி அது. நெரிசல் மிகுந்த, இடம் தட்டுப்பாடான கடைவீதிகளைத் தேடிப்பிடித்துச் செய்த ஆய்வுகள் அவை. எல்லா ஊருக்கும் எல்லா நேரத்துக்கும் அதைப் பொருத்திக் கருவி விற்பது சரியல்ல. தேவைக்கேற்பக் கட்டணத்தை மாற்றி எங்கும் கொஞ்சம் இடம் மிஞ்சச் செய்யலாம் என்பது ஷூப்பின் வாதம்; காட்டுவதற்குக் காலி இடம் இருந்தால்தான் பலகைக்கும் வேலை என்பதே அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. சான் பிரான்சிஸ்கோ 2011இல் தொடங்கிய எஸ்எஃப்பார்க் திட்டம் அந்த வழியில் போனது. தெருவோர இடங்களில் உணரிகளைப் பதித்து, கூட்டமுள்ள தெருவில் கட்டணத்தைக் கூட்டி, ஆளில்லாத தெருவிலும் நகராட்சிக் கார்ப்பேட்டைகளிலும் குறைத்து, எங்கும் கொஞ்சம் இடம் மிஞ்சும்படி பார்த்துக்கொண்டது. 2013 இறுதியில் தெரு உணரிகளை நிறுத்திவிட்டார்கள். ஆனால் தேவையைப் பார்த்துக் கட்டணம் மாற்றும் முறையைக் கைவிடவில்லை. மீட்டரில் விழும் கட்டணப் பதிவுகளை வைத்தே அது நடந்தது.

இன்னொரு கேள்வி எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது: காலி இடம் யாருக்குக் காலி? வீவக கார்ப்பேட்டைகளில் சிவப்புக் கோடு போட்ட இடங்கள் குறிப்பிட்ட நேரங்களில் சீசன் பார்க்கிங் (மாதக் கட்டண அனுமதி) வைத்திருக்கும் குடியிருப்பாளருக்கு மட்டுமே. இரவில் உறவினர் வீட்டுக்கு வருபவருக்கு வெள்ளைக் கோட்டுக்குள்தான் இடம். மொத்த எண்ணை மட்டும் பார்த்து வருகிறவர் இதை உள்ளே போன பிறகே உணர்கிறார்.

சக்கர நாற்காலியில் செல்பவருக்கு இன்னும் மோசம். நாற்காலியை இறக்கிவைக்கப் பக்கவாட்டில் அகலம் வேண்டும், மின்தூக்கி அருகில் வேண்டும். அவருக்கு 86 இடமும் பயனில்லை. அந்த இரண்டு மூன்று அகலமான இடங்களில் ஒன்று காலியா என்பதுதான் கேள்வி. நிலப் போக்குவரத்து ஆணையம் வெளியிடும் தரவு இடங்களைக் கார், கனரக வாகனம், மோட்டார் சைக்கிள் என்று வகை பிரிக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான இடம் தனி வகையாக அதில் இல்லை. வாசலில் மட்டும் எண்ணும் முறைக்கு அதைச் சொல்ல வழியில்லை, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இடத்துக்கு இடம் உணரி மாட்டிய கட்டடத்துக்கு அந்த அகலமான இடங்கள் காலியா இல்லையா என்பது ஏற்கெனவே தெரியும். அந்த விவரத்தைத் தனி வரியாகப் பிரித்துப் பலகைக்கும் தரவுக்கும் அனுப்பப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.