கருவில் இருக்கும் குழந்தைக்கு மதுவா?

தேனி மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்தவர்கள் அதன் அழகை மறக்க மாட்டார்கள். ஒரு புறம் மேற்குத் தொடர்ச்சி மலை. வயலெங்கும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். எங்கு பார்த்தாலும் திராட்சைப் பந்தல்! இங்கு விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்தப் பந்தல்களில் வேலை செய்கிறவர்களில் பெண்கள் பலர். விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் போகிறவர்களும் உண்டு. அந்தி சாயும்போது உடம்பு வலியோடு வீடு திரும்புவார்கள்.

“ஒரு மடக்கு பிராந்தி குடி. வலியும் சளியும் பறந்து போகும்!” என்று ஒருவர் யோசனை சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெண் கர்ப்பிணியாக இருந்தால் என்ன ஆகும்? குடிப்பது அவள் மட்டும் அல்ல. வயிற்றில் இருக்கும் குழந்தையும் குடிக்கிறது!

எப்படிப் போகிறது?

தாய் குடிக்கும் மது அவள் ரத்தத்தில் கலக்கிறது. அங்கிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் ரத்தத்துக்குப் போகிறது. தாயின் ஈரல் மதுவை முறித்துவிடும். குழந்தையின் ஈரலுக்கு அந்தச் சக்தி இன்னும் வரவில்லை.

இதனால் கரு கலையலாம். குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். தலை சிறுத்துப் போகலாம். எல்லாவற்றையும் விட, மூளை பாதிக்கப்படலாம். பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும் பிள்ளைக்குப் பாடம் மனதில் நிற்காது. கணக்கு வராது. சட்டென்று கோபம் வரும். “மக்குப் பிள்ளை” என்று ஊர் ஏசும். குற்றம் பிள்ளையுடையது அல்லவே!

1968ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு டாக்டர் பால் லெமுவான் 127 குழந்தைகளைப் பற்றி எழுதி, இந்தக் கேட்டை எடுத்துக் காட்டினார். 1973இல் அமெரிக்க டாக்டர்கள் இதற்குப் பெயரிட்டார்கள்.

கூலிக்கு மது!

கம்பத்தைப் போலவே திராட்சைக்குப் பெயர் பெற்ற இடம் ஒன்று தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. அதன் பெயர் மேற்கு கேப். அங்கே திராட்சையிலிருந்து ஒயின் என்ற மதுவைத் தயாரிக்கிறார்கள். முன்பு தோட்டத் தொழிலாளிகளுக்குக் கூலியில் ஒரு பகுதியை மதுவாகவே கொடுத்தார்கள்! பிறகு சட்டம் அதைத் தடுத்தது. ஆனால் குடிப் பழக்கம் போகவில்லை. மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறந்த குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாக உள்ள இடங்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது.

அதே நாட்டில் டி ஆர் என்ற ஊரில் வேறொன்றும் நடந்தது. கர்ப்பிணிகளுக்கும் ஊராருக்கும் விடாமல் எடுத்துச் சொன்னார்கள். பாதிப்பு ஏறத்தாழ 10இல் 3 பங்கு குறைந்தது. சொன்னால் பலன் உண்டு!

நம் வீட்டில்

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் குடிக்கும் பெண்கள் 1,000க்கு 3 பேர்தான். ஆண்களோ 100க்கு 25 பேர்! பெண்களில் குடிப்பவர்கள் குறைவு என்பது நல்ல சேதி. ஆனால் பாட்டிலை வீட்டுக்குள் கொண்டு வருவது யார்? கர்ப்பிணியைக் காக்கும் பொறுப்பு கணவனுக்கும் உண்டு. அந்தப் பத்து மாதமாவது அவனும் குடியை விட்டால், அவளுக்கு அதுவே பெரிய துணை.

கவனிக்க வேண்டியவை:

1. கள், பீர், ஒயின், பிராந்தி எல்லாம் ஒன்றுதான். “இவ்வளவு குடிக்கலாம்” என்று ஓர் அளவு கிடையாது.

2. கர்ப்பம் தெரிவதற்கு முந்திய வாரங்களிலும் ஆபத்து உண்டு. குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே மதுவை விட வேண்டும்.

3. அரிஷ்டம் வகை மருந்துகளிலும் ஆல்கஹால் இருக்கும். டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

4. தெரியாமல் குடித்துவிட்டால் ஒளிக்க வேண்டாம். உடனே நிறுத்திவிட்டு, கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லலாம். எப்போது நிறுத்தினாலும் குழந்தைக்கு நல்லதே.

5. தினமும் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் உடம்புக்கு ஆபத்து வரலாம். அவர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் சொல்கிறபடி விட வேண்டும். 104 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம்.

திராட்சைக் கொடியில் பிஞ்சு உதிர்ந்தால் விவசாயி கவாத்து செய்வார். கொடி மறுபடியும் பூக்கும். குழந்தையின் மூளை உருவாவது ஒரே ஒரு முறைதான். கெட்ட பிறகு சரி செய்ய மருந்து இல்லை. கெடாமல் காக்கவோ காலணாச் செலவும் இல்லை!