துளை அடைக்கும் பசைக்கு இரண்டு தேர்வு

அடுக்குமாடிக் கட்டடத்தில் கேபிளும் குழாயும் போக, சுவரிலும் தளத்திலும் துளை போட்டே ஆகவேண்டும். தீப்பிடித்தால் புகை மேல்மாடிக்கு ஏறும் வழியும் அதுவே. அந்தத் துளையை அடைக்கும் தீத்தடுப்பு சீலன்டைப் பசுமைக் கட்டடக் கணக்கில் எந்தப் பிரிவில் எழுதுவது?

பசுமைக் கட்டடங்களுக்கான லீட் தரச்சான்று பார்ப்பது இரண்டு விஷயங்களை: பொருள் கட்டடத்தின் நீர்காப்பு உறைக்கு உள்ளே இருக்கிறதா, வேலையிடத்தில் ஈரமாகப் பூசப்படுகிறதா. டியூபிலிருந்து பிதுக்கிப் பூசும் தீத்தடுப்பு சீலன்டுக்கு இரண்டும் பொருந்துகின்றன. ஆகவே அது 'ஒட்டுப்பசை, சீலன்ட்' பிரிவில் சேரும். துளைக்குள் திணிக்கும் ராக்வூல் என்ற கல் இழைப் பஞ்சு ஈரமாகப் பூசப்படுவதில்லை என்பதால் இந்தப் பிரிவில் வராது.

அடுத்து வேதிப்புகை. இங்கே இரண்டு அளவுகளைப் போட்டுக் குழப்பிக்கொள்வது சகஜம். ஒரு லிட்டர் பசையில் எத்தனை கிராம் ஆவியாகும் கரிமப் பொருள் (விஓசி) உண்டு என்பது முதலாவது. தெற்குக் கலிபோர்னியக் காற்றுத்தர அமைப்பின் 1168ஆம் விதி, பொதுவான கட்டட சீலன்டுகளுக்கு நெடுநாள் 250 கிராம் வரை அனுமதித்தது; 2017ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 50 ஆக்கியது. பூசிய பிறகு அறைக்காற்றில் எவ்வளவு கலக்கிறது என்பது இரண்டாவது. இதற்குக் கலிபோர்னியப் பொதுச் சுகாதாரத் துறையின் முறைப்படி, மாதிரியை 14 நாள் வரை வைத்திருந்து, சோதனைப் பெட்டியின் காற்றை அளக்கிறார்கள். டப்பாவில் 'குறைந்த விஓசி' என்று அச்சிட்டிருப்பது முதல் அளவை மட்டுமே சொல்வதாக இருக்கலாம். லீட் 4.1இன்படி இந்தப் பிரிவின் பொருள்கள் அனைத்தும் முதல் அளவிலும், குறைந்தது 75 சதவீதம் இரண்டாவதிலும் தேறவேண்டும்.

இவற்றில் எதுவும் தீயைப் பற்றிப் பேசவில்லை. தீத்தடுப்பு அடைப்புகளுக்கான யூஎல் 1479 சோதனையில் துளை, குழாய், சுவர், ராக்வூல், சீலன்டின் தடிமன் எல்லாம் சேர்ந்த அமைப்பையே உலையில் ஏற்றுகிறார்கள். பிறகு தண்ணீரைப் பீய்ச்சியும் பார்க்கிறார்கள். 'இரண்டு மணி நேரம்' என்ற மதிப்பு அந்த முழு அமைப்புக்கு உரியது, டியூபுக்கு அல்ல. அதே டியூபை வேறு அளவுத் துளையில் பூசினால் அந்த மதிப்பு செல்லாது.

தீயைக் கவனிக்காத அடைப்பு என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 1975 மார்ச் 22 அன்று, அமெரிக்காவின் அலபாமாவில் பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தில், கேபிள் துளை வழியே காற்று கசிகிறதா என்று மெழுகுவத்திச் சுடரை அருகே பிடித்துப் பார்த்தார்கள். அடைப்பாக வைத்திருந்த பாலியூரிதேன் ஃபோம் பற்றிக்கொண்டது. சுமார் ஏழு மணி நேரம் எரிந்த தீயில் 1,600க்கு மேற்பட்ட கேபிள்கள் சேதமாயின. காற்றை அடைக்க வைத்த பொருளே தீக்கு இரையானது.

அதனால் பசையைத் தேர்ந்தெடுக்கும் வரிசை மாறவே கூடாது. முதலில் அந்தத் துளைக்குப் பொருந்தும், சோதித்துச் சான்று பெற்ற அமைப்புகளை எடுக்கவேண்டும். அவற்றுள் வேதிப்புகை குறைந்ததைத் தேடவேண்டும். நீர் அடிப்படையிலான அக்ரிலிக் சீலன்டுகளில் தீ, வேதிப்புகை ஆகிய இரண்டு தேர்விலும் தேறுபவை உண்டு. பசுமைப் புள்ளிக்காகச் சான்றில்லாத பசையை மாற்றிப் பூச ஒப்பந்தக்காரர் கேட்டால், பொறியாளர் மறுத்தே ஆகவேண்டும்.