பீடித் தட்டும் பாஸ்வேர்டும்

தென்காசி மாவட்டத்துக் கடையம், கீழப்பாவூர் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் பி.எஃப். பணத்துக்கு முன்பெல்லாம் கம்பெனிதான் வழி. படிவத்தை யாரோ நிரப்புவார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வங்கியிலும் ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட்டால்தான் புதுக் கணக்கு. பணம் எடுக்கப் போனால் கிளார்க் கையெழுத்தை ஒப்பிடுவார், முகத்தையும் பார்ப்பார். அலைச்சல் அதிகம்தான். ஆனால் ஒருவர் உங்கள் பெயரில் ஏமாற்ற நினைத்தால் அந்தக் கவுன்டருக்கு நேரில் வந்து நின்றாக வேண்டும்.

2014-ல் பி.எஃப். கணக்குகளுக்கு யு.ஏ.என். என்ற பொது எண் வந்தது. இன்று அந்தப் பணத்தை ஆன்லைனிலேயே கேட்கலாம். யாரையும் கெஞ்ச வேண்டாம். இது சின்ன விடுதலை இல்லை. ஆனால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து பாஸ்வேர்டு போடு என்கிறது தளம். பிரவுசிங் சென்டர் தம்பி தானே ஒன்றைப் போட்டுவிடுகிறார்: பெயரில் நாலெழுத்து, ஒரு குறி, பின்னால் 123. வருகிற எல்லா அக்காமாருக்கும் அதே வாய்பாடு. “அக்கா, ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க” என்கிறார். கடை முழுக்கக் கேட்கும்படி அவர்களும் சொல்கிறார்கள்.

அந்தத் தம்பிகளில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள், இல்லாதவர்களுக்குக் காசு வாங்காமல் செய்து கொடுப்பவர்கள். எனக்குக் கவலை அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான். கேட்டவுடன் ஓ.டி.பி. சொல்வது நல்ல மனிதர் முன்னால் பழகிவிட்டால், நாளைக்கு ‘பேங்க்ல இருந்து பேசுறோம்’ என்று எவனோ கூப்பிடும்போதும் வாயில் அதுவே வரும்.

பாஸ்வேர்டுச் சிக்கலுக்கு ஒரு வழி பக்கத்திலேயே இருக்கிறது. இதே மாவட்டத்து மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ நிறுவனம் மென்பொருள் எழுதுகிறது. அதன் இணை நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு குடியேறியதும் அந்த ஊரில்தான். அந்த நிறுவனத்துக்கு ‘வால்ட்’ என்றொரு கடவுச்சொல் பெட்டகம் உண்டு. ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறு பாஸ்வேர்டு. எல்லாவற்றையும் பூட்ட ஒரே முதன்மைச் சொல். அந்தச் சொல் நிறுவனத்தின் சர்வருக்குப் போவதே இல்லை. பெட்டகத்தைச் செய்து கொடுத்தவரே திறந்து பார்க்க முடியாது. மத்தளம்பாறைக்குப் பக்கத்து ஊர்ப் பெண்ணுக்கும் இந்தக் காவல் கிடைக்க வேண்டாமா?

அந்த முதன்மைச் சொல்லைக் கடினமாக்கத் தேவையில்லை, நீளமாக்கினால் போதும். குறிகளைக் கலக்கு, அவ்வப்போது மாற்று என்ற விதிகள் அமெரிக்க அரசின் நிஸ்ட் அமைப்பு 2004-ல் வெளியிட்ட கையேட்டில் இருந்தவை. எழுதியவர் பில் பர். 2017-ல் அவரே அதற்காக வருந்தினார். நிஸ்டும் அந்த விதிகளைக் கைவிட்டு நீளத்துக்கு முதலிடம் கொடுத்தது. தொடர்பில்லாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடித்தால் போதும். பிள்ளை பெயரும் குலசாமி பெயரும் வேண்டாம். ஊருக்கே தெரிந்தவை அவை.

பாஸ்வேர்டைப் போலவே போனையும் காக்க வேண்டும். குற்றாலத்தில் சீசன் நேரத்து ஆபத்தும் மாறிவிட்டது. முன்பு மெயினருவிக் கூட்டத்தில் மோதிரமோ சங்கிலியோ போகும். போனது போனதுதான், அதற்கு மேல் சேதமில்லை. இப்போது போன் தொலைந்தால் வங்கி, மெயில், ஆதார் என எல்லாவற்றின் ஓ.டி.பி.யும் அதோடு போகிறது. திரை பூட்டியிருந்தாலும், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓ.டி.பி. அங்கே வரும். சிம்முக்கு ஒரு பின் எண் வைத்துவிட்டால் அந்த வழி அடைபடும். ஜூன் சாரலுக்குக் கிளம்பும் முன் ஐந்து நிமிட வேலை இது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும்.

பிரவுசிங் சென்டர்களை மூடச் சொல்லவில்லை. அவை இல்லாமல் இந்த ஊர்களில் எந்த விண்ணப்பமும் நகராது. கவுன்டருக்கு இந்தப் பக்கம் இன்னொரு கீபோர்டு வைக்கலாம். இ-சேவை மையங்களிலும் அரசு இதைச் செய்யலாம். பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் வரும்போது தம்பி தன் கையை எடுத்துக்கொள்ளட்டும். ஒரு நாள் முழுக்க நூற்றுக்கணக்கில் பீடி சுற்றும் விரல்கள், இருபது எழுத்தைத் தட்டமாட்டாவா?